வயலில் விழும் வெயிலுக்கு வரவுசெலவுக் கணக்கு: சூரிய மின்சாரமும் விவசாயக் குடும்பமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோலார் பம்புசெட்டு வாங்கலாமா, நிலத்தைச் சோலார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடலாமா, மானியத்தை நம்பிக் கடன் வாங்கலாமா என்று விவசாயக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயியை மனத்தில் வைத்து எழுதியது இது. குஜராத்திலும் கர்நாடகத்திலும் நடந்தவை நம்முடைய கணக்கைத் தெளிவாக்குகிற இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

சோலார் வந்தால் விவசாயியின் வருமானம் கூடுமா?

ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது. சோலார் வருவதற்கு முன்பு அவர் தண்ணீரை எப்படிப் பெற்றார் என்பதைப் பொறுத்தே பதில் மாறும். டீசல் என்ஜின் வைத்து இறைத்தவருக்குச் செலவு நேரடியாகக் குறையும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் மணிக் கணக்கில் தண்ணீர் வாங்கியவருக்குச் சொந்தத் தண்ணீர் கிடைக்கும். மானாவாரியாக நிலக்கடலையோ உளுந்தோ போட்டு மழையைப் பார்த்திருந்தவருக்கு இரண்டாவது போகம் சாத்தியமாகும். உண்மையான வருமான உயர்வு பெரும்பாலும் இந்தக் குடும்பங்களுக்குத்தான். ஏற்கெனவே இலவச மின் இணைப்பு வைத்திருப்பவருக்கோ கட்டணம் என்று மிச்சப்பட எதுவும் இல்லை. அவருடைய ஆதாயம் வேறு வகையில் வர வேண்டும். நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தானே? பிறகு சோலார் எதற்கு?

இலவச மின்சாரம் தானாக வந்த சலுகை அன்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் நடந்த போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதன் பிறகும் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் பல ஆண்டுகள் போராட்டம் தொடர்ந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. இந்த வரலாறு தெரிந்த எவரும், சோலாரைக் காரணமாகக் காட்டி அந்த உரிமையைக் கைவிடச் சொன்னால் தயங்கவே செய்வார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது.

இருந்தாலும் இரண்டு காரணங்களால் சோலாருக்கு இங்கேயும் இடம் இருக்கிறது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. ஆனாலும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களின் வரிசை சில லட்சம் பேர் வரை நீண்டிருந்தது. 2021-ல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் இணைப்புகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் அந்த வரிசை ஓரளவு நகர்ந்தது. கிணறு வெட்டி, தண்ணீரும் கண்டு, இணைப்புக்காகப் பத்தாண்டு காத்திருக்கும் குடும்பம் அந்தப் பத்தாண்டுகளில் இழக்கும் போகங்களுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அப்படிப்பட்டவருக்குச் சோலார் பம்புசெட்டு காத்திருப்பை முடித்துவைக்கும் வழியாகிறது.

இரண்டாவது காரணம் நேரம். மும்முனை மின்சாரம் முறைவைத்து வரும் ஊர்களில் இரவு முறை என்றால், விவசாயி டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாக வரப்பில் நிற்க வேண்டும். மடை திருப்பக் குனியும்போது கால் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கரண்ட் நின்று திரும்பி வந்தால் ஸ்டார்ட்டரைப் போட மறுபடியும் கிணற்றடிக்கு ஓட வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து ஸ்டார்ட்டரில் ஆட்டோ கருவியைப் பொருத்திவிட்டு வீட்டில் படுத்துக்கொள்பவர்களின் தோட்டத்தில் விடியும்வரை தண்ணீர் வீணாக ஓடும். சோலார் பம்பு பகலில் மட்டுமே ஓடும். வேலையாளும் பகலில் வருகிறார், பெண்களும் அச்சமின்றிப் பாய்ச்சலாம், எந்தப் பாத்தி நிறைந்தது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. வரவுசெலவு ஏட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது. ஆனால் இரவுப் பாய்ச்சலை அனுபவித்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

டீசல் என்ஜினை விட்டு மாறினால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும்?

உங்கள் என்ஜின் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். மற்றக் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓட்டுபவருக்கு டீசல் மட்டும் 46,000 ரூபாய் ஆகிறது. ஆயில் மாற்றுவதும் பழுது பார்ப்பதும் தனி. அதே திறனுள்ள சோலார் பம்புசெட்டின் முழு விலை மூன்றரை லட்சம் என்றும், அதில் 60 சதவீதம் மானியம் என்றும் எடுத்துக்கொண்டால், விவசாயியின் பங்கு 1,40,000 ரூபாய். டீசல் மிச்சத்திலேயே மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் அது திரும்பிவிடும். வெயிலை மின்சாரமாக்கும் சோலார் தகடுகளின் ஆயுள் 25 ஆண்டுகள் என்பதால் அதன் பிறகு கிடைப்பதெல்லாம் மிச்சமே.

ஆண்டுக்கு 150 மணி நேரம் மட்டும் என்ஜினை ஓட்டுபவருக்கு டீசல் செலவு 13,800 ரூபாய்தான். அவருக்கு இதே முதலீடு திரும்பப் பத்தாண்டு ஆகும். 1,40,000 ரூபாயைப் பத்து சதவீத வட்டிக்கு வாங்கினால் முதல் ஆண்டு வட்டியே 14,000 ரூபாய் என்பதால், அவர் கடன் வாங்கிச் சோலார் போடுவது நட்டத்தில் முடியும். நகையை அடகு வைத்துப் பங்குத் தொகை கட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்த மணிக் கணக்கைத்தான் கேட்பேன். புதிய தண்ணீரை வைத்து அவர் கூடுதலாக ஒரு போகம் எடுக்கத் திட்டமிட்டிருந்தால் பதில் மாறும். பழைய வெள்ளாமையையே தொடர்வதானால் வாடகை என்ஜினே அவருக்குப் போதும்.

மானியமே இல்லாமல் முழு விலையையும் கட்டுவதானால், 500 மணி நேரம் ஓட்டுபவருக்கே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆகவே மானியம் கைக்கு எட்டுமா என்பதுதான் சிறு விவசாயிக்கு முக்கியமான கேள்வி.

மானியம் எவ்வளவு? யாரிடம் போக வேண்டும்?

மத்திய அரசின் பிரதம மந்திரி குசும் திட்டம் 2019-ல் தொடங்கியது. அதற்கு மூன்று பிரிவுகள் உண்டு: விவசாய நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு மின்நிலையங்கள் அமைப்பது ஒன்று, மின்கம்பி போகாத இடத்தில் தனித்து இயங்கும் சோலார் பம்புகள் போடுவது இரண்டு, ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்புகளைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது மூன்று. தனித்து இயங்கும் பம்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் தருவது அடிப்படை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதை நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதலாக 20 சதவீதம் சேர்த்து 80 சதவீதம் வரை மானியம் கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வருவாய்க் கோட்டத்தில் இருக்கும் அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்குச் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றிதழ், ஆதார் ஆகியவற்றோடு நேரில் போவதே நல்லது. இடைத்தரகர் இல்லாமலே முடிகிற வேலை இது. இந்தத் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் வழியாகப் பணம் பறிக்கும் மோசடி நடப்பதால், முன்பணம் கேட்கும் எந்தத் தொலைபேசி அழைப்பையும் நம்ப வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? நெல்லுக்குப் போதுமா?

5 குதிரைத்திறன் சோலார் பம்பு, 50 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை ஏற்றும்போது, நல்ல வெயில் நாளில் சுமார் 70,000 முதல் 90,000 லிட்டர் வரை தரும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்க வேண்டுமானால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் தேவை. அதாவது, நாள் முழுக்க இறைத்தாலும் ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் எட்டாது. இந்த ஆழத்தில் நெல்லை நம்பிச் சோலார் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அதே தண்ணீரைச் சொட்டுநீரில் விட்டால் காய்கறிக்கும், தென்னைக்கும், வாழைக்கும் மூன்று நான்கு ஏக்கர் வரை தாராளமாகப் பாயும். திறந்த கிணற்றில் பத்து மீட்டரிலேயே தண்ணீர் நிற்கும் இடங்களில் ஏற்றும் உயரம் குறைவு என்பதால், அதற்கேற்ற பம்பைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு வெகுவாக மாறிவிடும்.

சோலார் பம்பின் தண்ணீர் நாள் முழுக்க ஒரே அளவாகவும் வராது. காலை எட்டு மணிக்குக் குழாய் வாயில் நூல்போல வழியும் தண்ணீர், பத்து மணிக்குக் கனத்து, உச்சிவெயிலில் தொட்டியின் எதிர்ச் சுவரில் போய் அடிக்கும். ஒரு மேகம் கடந்தால் உடனே தொய்ந்து, தகட்டின் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் பெட்டியில் ஓடும் எண்ணும் சேர்ந்து இறங்கும். மேகம் விலகினால் மறுபடி எழும். மின்மோட்டாரின் சீரான பாய்ச்சலுக்குப் பழகிய கைக்கு முதல் மாதம் இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு தரைத்தொட்டி கட்டி அதில் நிரப்பி, அங்கிருந்து பாய்ச்சுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. தொட்டிக்கான செலவையும் ஆரம்பக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி. அதற்குச் சோலார் சரிவருமா?

பெரும்பாலும் சரிவராது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்ட துளைகளில் மானியத்துக்குள் அடங்கும் பம்பு போதாது. பெரிய பம்பு போட்டால் கிடைக்கும் தண்ணீருக்கும் போட்ட பணத்துக்கும் பொருத்தம் இருக்காது.

பேட்டரி வேண்டாமா?

பாசனத்துக்கு வேண்டாம். தொட்டியில் ஏற்றிய தண்ணீரே சேமித்த மின்சாரத்துக்குச் சமம். பேட்டரி சேர்த்து விற்க வருபவரை அனுப்பிவிடலாம்.

மோட்டார் ஓடாத நாட்களில் தகடுகள் சும்மா கிடக்கின்றனவே?

சோலார் பாசனத்தின் பெரிய வீண் இதுதான், இதைப் பற்றி மிகக் குறைவாகப் பேசுகிறோம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 யூனிட் தரும். 5 குதிரைத்திறன் பம்புக்குப் போடும் தகடுகள் ஆண்டுக்குச் சுமார் 7,000 யூனிட் தரக்கூடியவை. மழைக்காலம், அறுவடைக்காலம், தரிசாகக் கிடக்கும் காலம் எல்லாம் போக, ஆண்டில் 120 நாள் முழுமையாக இறைத்தாலும் 2,400 யூனிட்தான் செலவாகும். மீதி 4,600 யூனிட் பிடிப்பாரின்றிப் போகிறது. தீவனம் நறுக்கும் எந்திரம், மாவு அரைவை, குளிர்பெட்டி போன்றவற்றையும் அதே தகடுகளில் ஓட்டுவதற்கான பொதுக் கன்ட்ரோலர்கள் வந்திருக்கின்றன. கறவை மாடுள்ள வீட்டுக்குத் தீவனம் நறுக்கும் எந்திரம் ஒன்றே நல்ல பயன்.

மின்கம்பியோடு இணைத்து விற்க முடிந்தால் நிலைமையே வேறு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் அதற்குத் துணை நின்றது. தங்களுக்குத் தேவையான அளவு இறைத்துக்கொண்டு, மீதி மின்சாரத்தை அரசின் மின்விநியோக நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசு வீதம் விற்க 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு மாறாக, மானிய விலை மின் இணைப்புக் கோரும் உரிமையை அந்தக் காலத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். நம்முடைய 4,600 யூனிட்டை அந்த விலைக்குப் பெருக்கிப் பாருங்கள்: 21,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. மழை பொய்த்தாலும், தக்காளி விலை விழுந்தாலும், வெயில் அடிக்கும் வரை வருகிற வரவு அது. குஜராத் அரசு 2018-ல் சூர்யசக்தி கிசான் திட்டத்தின் கீழ், மின் இணைப்புள்ள விவசாயிகளுக்கும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு யூனிட் ஏழு ரூபாய் என்று அறிவித்தது. விலை கட்டுபடியானால் விவசாயி மின்சாரத்தையும் ஒரு வெள்ளாமையாக எடுத்துக்கொள்வார் என்பதற்குத் துண்டி சான்றாக நிற்கிறது.

சோலார் வந்தால் நிலத்தடி நீர் இன்னும் வேகமாக வற்றிவிடாதா?

வற்றும் ஆபத்து இருக்கிறது. அதை மறைத்துச் சோலாரைப் புகழ்வது விவசாயிக்குச் செய்யும் துரோகம். டீசல் வாங்குபவர் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையிலிருந்து பணம் போவதைப் பார்க்கிறார். ஆகவே தேவைக்கு மேல் இறைக்க மாட்டார். தகடு பதித்த பிறகு அடுத்த மணி நேரத்துக்குச் செலவே இல்லை என்றால் கை தானாக நீளும், கரும்புக்கும் வாழைக்கும் மனம் போகும். பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு ஊற்றுக் குறைந்து, அவர் துளையை ஆழப்படுத்தக் கடன் வாங்கினால், ஒரு வீட்டின் வரவு இன்னொரு வீட்டின் கடனாகிறது. ஊர்ப் பொருளாதாரம் என்று பார்க்கும்போது இதையும் சேர்த்தே கூட்டிக் கழிக்க வேண்டும்.

நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட குறுவட்டங்களில் புதிய கிணற்றுக்குக் குசும் மானியம் கிடையாது; ஏற்கெனவே இருக்கும் டீசல் பம்பை, நுண்ணீர்ப் பாசனம் செய்பவருக்கு மட்டும் மாற்றித்தர விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்கு முழு மானியம் கிடைப்பதால், சோலாரையும் சொட்டுநீரையும் ஒரே விண்ணப்பமாக நினைத்துச் செய்வதே முறை.

ஆனால் விதிகளைவிட வலிமையான தடுப்பு, மேலே சொன்ன மின்சார விற்பனைதான் என்று நான் நம்புகிறேன். வீணாக இறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் நான்கரை ரூபாய் இழப்பு என்று தெரிந்தால் மடையை அடைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்குத் துண்டி விவசாயிகளுக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் 25 காசு தனி ஊக்கத்தொகையே தரப்பட்டது. கட்டணம் விதித்துத் தண்ணீரைக் காப்பதை நம் மண் ஏற்காது. 1970-ன் நினைவு அவ்வளவு எளிதில் மறையாது. சேமித்ததற்குப் பணம் கொடுத்துக் காக்கலாம். நம் மாநிலத்தில் விவசாயிக்குக் கட்டுபடியாகும் கொள்முதல் விலையோடு இது பரவலாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நிலத்தைச் சோலார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடலாமா, விற்கலாமா?

இரண்டு ஊர்களின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் பாவகடா என்ற வறட்சி வட்டாரத்தில், ஐந்து கிராமங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. 2018-ல் அது தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று 28 ஆண்டுக் குத்தகை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீத உயர்வு. அடிக்கடி மழை பொய்த்து நிலக்கடலை கருகிய நிலத்துக்கு இது நல்ல, உறுதியான வரவு. நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது என்பது அதைவிடப் பெரிது.

ஆனாலும் கணக்கை முழுக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 158 கிலோவாட். ஆண்டுக்கு இரண்டேகால் லட்சம் யூனிட்டுக்கு மேல். அதில் நிலத்துக்காரருக்குக் கிடைக்கும் 21,000 ரூபாய், யூனிட்டுக்கு 9 காசு அளவுதான். ஒன்றேகால் சென்ட் இடத்தில் நிற்கும் 5 கிலோவாட் சொந்தத் தகட்டின் உபரியைத் துண்டி விலைக்கு விற்றவர் பெறுகிற அதே தொகைக்கு, பாவகடாவில் ஓர் ஏக்கர் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் முதல் போடுகிறது, கடன் சுமக்கிறது, ஆகவே பெரும்பங்கு அதற்குப் போவது இயல்பு என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகடு யார் பெயரில் இருக்கிறது என்பது வரவை எவ்வளவு மாற்றுகிறது என்று விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் என்பது ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறும். இருபத்தேழாம் ஆண்டில் அந்த 21,000 ஏறக்குறைய 39,600 ஆகியிருக்கும். அன்றைக்கு அந்தப் பணம் எத்தனை மூட்டை அரிசி வாங்கும் என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. எட்டு மாதத்தில் அதைக் கட்டி முடிக்க 8,500 பேர் வேலை செய்ததாக நிறுவனம் தெரிவித்தது. கட்டி முடித்த பிறகு இவ்வகை நிலையத்துக்கு அவ்வளவு ஆட்கள் தேவையில்லை. கமுதியில் தகட்டின் தூசியைத் துடைப்பதுகூட ரோபோக்கள்தான். ‘வேலைவாய்ப்பு’ என்ற சொல்லைக் கேட்கும்போது, கட்டும்போது எத்தனை பேருக்கு, ஓடும்போது எத்தனை பேருக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும். நிலத்தை விற்றுவிட்டால் அந்த நிலத்தோடு அடுத்த தலைமுறைக்கு ஒட்டுறவே இல்லை. என்னைக் கேட்டால், குத்தகை விற்பனையைவிட மேல். விவசாயிகள் சேர்ந்து தாங்களே சிறு நிலையம் அமைப்பது குத்தகையைவிடவும் மேல்.

நிலம் இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்றைய நிலையில் மிகக் குறைவு. மானியம் பட்டாவைப் பார்த்துத்தான் வருகிறது; வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிடுபவர் பட்டாதாரரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். பாவகடாவில் குத்தகைத் தொகை நிலத்துக்காரருக்குப் போயிற்று. களை எடுத்தவர்களுக்கும், கடலை பறித்தவர்களுக்கும், அறுத்த காட்டில் ஆடு மேய்த்தவர்களுக்கும் வேலையும் மேய்ச்சலும் போயின. ஓர் ஊரின் மொத்த வருமானம் உயர்ந்தது என்று காட்டும் கணக்கில் இவர்களுடைய இழப்பு மறைந்துவிடும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. வங்கதேசத்தில் பெரிய சோலார் பம்புகளைத் தொண்டு நிறுவனங்களும் தொழில்முனைவோரும் அமைத்து, போகக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு பல சிறு வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அரைக்காணி வைத்திருப்பவரும் பம்பு வாங்காமலே பாசனம் பெறுகிறார். அதுபோன்ற பம்பை ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரில் வைத்தால், நிலமில்லாத பெண்கள் தண்ணீர் விற்கும் உரிமையாளர்களாகலாம். ஊராட்சியே மின்சாரம் விற்றுப் பொது வருமானம் ஈட்டியதற்கும் நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. காற்றுக்குச் செய்ததை வெயிலுக்கும் செய்யலாம். ஊராட்சியின் பெயரில் வரும் பணம் பட்டா இல்லாத வீட்டுக்கும் தெருவிளக்காக, குடிநீராகப் போய்ச் சேரும்.

பாசனம் தவிர வேறு வருமான வழிகள் உண்டா?

உலர்த்துவது முக்கியமானது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயை உடைத்துக் களத்தில் கொப்பரைக்குக் காயப்போடும்போது, மாலையில் வானம் இருண்டால் வீட்டிலுள்ள எல்லாரும் தார்ப்பாயோடு ஓடுவார்கள். ஒரு மழைத்தூறலில் பருப்பு பூசணம் பிடித்துத் தரம் இறங்கினால் விலை விழும். பாலிகார்பனேட் தகடு போட்ட சூரிய கூடார உலர்த்தியில் கொப்பரை பாதி நாட்களில் காய்கிறது. தூசியும் பூசணமும் இல்லை, நிறமும் வெளுப்பாக நிற்கிறது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும், முருங்கை இலைக்கும், வாழைப்பழத்துக்கும் இது பொருந்தும். இதற்கும் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. தனியாக ஒருவர் வாங்குவதைவிட, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் வைத்துப் பலர் பயன்படுத்துவது இலாபம். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு விளைபொருள் அதில் காய்ந்துகொண்டிருக்கும்.

சூரிய மின்வேலியால் வரவு கூடாது, இழப்பு குறையும். மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப்போடும் நிலக்கடலைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். ஆனால் மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்குக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதரையும் யானையையும் கொல்லும். சூரிய மின்வேலி சிறு பேட்டரியிலிருந்து விட்டுவிட்டுக் கண நேர அதிர்ச்சி மட்டும் தரும் கருவி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. வனத்துறையில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

பழுது வந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள். தகடு 25 ஆண்டு நிற்கும். கன்ட்ரோலரும் பம்பும் அவ்வளவு நிற்கா. பூ பிடிக்கும் நேரத்தில் கன்ட்ரோலர் எரிந்து, பழுதுபார்ப்பவர் இருபது நாள் வராவிட்டால் சேமித்த டீசல் காசு எல்லாம் அந்த ஒரு போகத்திலேயே போய்விடும். மானியத் திட்டத்தில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு விலையிலேயே அடங்கும்; ஆகவே அந்த வேலைக்குத் தனிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இடி, புயல், திருட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா, இருந்தால் அதன் சான்று உங்கள் கையில் தரப்படுமா என்று கேளுங்கள். உங்கள் கிணற்றின் கோடைகால நீர்மட்டத்தை அளந்துதான் பம்பைத் தேர்ந்தெடுத்தார்களா, மழைக்கால மட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே இலவச மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருந்தால், சோலார் வாங்குவதால் அந்த வரிசையில் உங்கள் இடம் என்ன ஆகும் என்பதை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் எழுத்துமூலம் தெரிந்துகொள்ளுங்கள்.

தகட்டைத் துடைக்கும் வேலை மட்டும் உங்களுடையது. தூசி படிந்த தகடு கண்ணுக்குத் தெரியாமலே தண்ணீரைக் குறைக்கும். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். ஆகவே விடியற்காலையில், பனி ஈரம் காய்வதற்குள், நனைத்த பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் போதும். பத்துத் தகட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.